டிரெய்லருக்கு டயர் பிரஷர் மானிட்டர்: மூடி சென்சாரா, டயருக்கு உள்ளே வைப்பதா?

மலைவழி

வணக்கம் நண்பர்களே. எங்களிடம் இருப்பது 28 அடி பயண டிரெய்லர், இரட்டை ஆக்சில். இழுப்பது பிக்அப். டயர் எஸ்டி225/75ஆர்15, லோட் ரேஞ்ச் (பாரம் தாங்கும் தரம்) ஈ. பக்கச்சுவரில் காற்றழுத்தம் 80 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது.

போன பயணத்தில் இடப்பக்கப் பின் டயர் ஓட்டத்திலேயே போய்விட்டது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஸ்டீயரிங் இழுக்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை. கடந்து போன லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பின்னால் கையைக் காட்டியதால்தான் ஓரம்கட்டினேன். இறங்கிப் பார்த்தால் ரிம்மில் இரண்டு ரப்பர் வளையமும் நார்நாராகப் பிரிந்த கம்பியும்தான் மிச்சம். சுழன்று அடித்த துண்டு சக்கரக் கூண்டின் தகரத்தைப் பிய்த்து, பிரேக் வயரை அறுத்திருந்தது. அடித்த தடம் முடிந்த இடத்துக்கும் கேஸ் குழாய்க்கும் நடுவே ஒரு சாண்தான். பிள்ளைகள் பிக்அப்பின் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த பயணத்துக்கு முன்னால் டிபிஎம்எஸ், அதாவது டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவி, போட்டே ஆக வேண்டும். தேட ஆரம்பித்தால் முடிவே இல்லாமல் போகிறது. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார், கழற்றாமலே காற்றடிக்க வழி உள்ள சென்சார், டயருக்கு உள்ளே பொருத்தும் சென்சார் என்று மூன்று வகை. தனித் திரையா, போன் ஆப்பா? சென்சாரின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் அவசியமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கூடுவண்டி

எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தீர்களே, அது போதும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அதே பக்கத்து முன் டயரையும் மாற்றிவிட்டீர்களா?

மலைவழி

இல்லை. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டோம். முன் டயர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

பட்டறைக்காரன்

மாற்றிவிடுங்கள் தம்பி, யோசிக்க வேண்டாம். கொக்கியில் இறங்கும் பாரம் போக, நான்கு சக்கரத்திலும் சேர்த்து 3,600 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். டயருக்கு 900. ஒன்று போனதும் பக்கத்து டயர் மேல் 1,800 கிலோ வரை ஏறும். அந்த அளவு டயர் 80 பிஎஸ்ஐயில் தாங்கக்கூடியதே 1,285 கிலோதான். எத்தனை கிலோமீட்டர் அப்படி ஓடியது என்று உங்களுக்கே தெரியாது. உள்ளே நார் அடுக்கு விட்டிருந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

இனி சென்சார் விஷயம். எந்த கம்பெனி, எந்தத் திரை என்பதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் வால்வைப் பாருங்கள். ரிம் ஓட்டைக்குள் இழுத்துச் செருகும் சாதாரண ரப்பர் வால்வு, டிஆர்413 வகை என்றால், அதற்கு உச்ச எல்லை 65 பிஎஸ்ஐ. உங்கள் 80 பிஎஸ்ஐ டயருக்குச் சென்சார் இல்லாவிட்டாலும் அது ஆகாது. டிஆர்600 வரிசையில் 100 பிஎஸ்ஐ தாங்கும் ரப்பர் வால்வு உண்டு. அதுகூட காற்றைத்தான் தாங்கும். நுனியில் ஒரு பொருளைத் தொங்கவிட்டால் கதை வேறு.

ஏன் என்று கணக்கு சொல்கிறேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் டயர் நொடிக்கு 12 சுற்றுக்கு மேல் சுற்றும். வால்வு இருப்பது அச்சிலிருந்து 17 சென்டிமீட்டர் தள்ளி. அந்த இடத்தில் வெளிப்பக்கமாக இழுக்கும் விசை புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 100 மடங்கு. கையில் வைத்தால் கனமே தெரியாத 15 கிராம் சென்சார் ஓட்டத்தில் ஒன்றரைக் கிலோவாக வால்வுத் தண்டைப் பிடித்து இழுக்கிறது. வண்டி நின்றால் விடுகிறது, கிளம்பினால் மறுபடி இழுக்கிறது. ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

நட்டுப் போட்டு இறுக்கும் உலோக வால்வு நான்கு மாட்டுங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து. எப்படியும் டயர் மாற்றக் கடைக்குப் போகத்தான் போகிறீர்கள், அப்போதே முடித்துவிடலாம்.

நீலக்கூண்டு

பட்டறைக்காரன் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நான் நான்கு வருடமாக ரப்பர் வால்விலேயே மூடி சென்சார் போட்டு ஓட்டுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. என்னுடையது சின்ன டிரெய்லர், ஒற்றை ஆக்சில், 50 பிஎஸ்ஐ. புதிதாக வருபவர்களை ரொம்பப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பட்டறைக்காரன்

பயமுறுத்தவில்லை நண்பரே. 50 பிஎஸ்ஐ, இலேசான சென்சார் என்றால் ஓடும். நான்கு வருடம் ஆகிவிட்டது என்கிறீர்கள் அல்லவா, இப்போது ஒரு வேலை செய்யுங்கள். சென்சாரைக் கழற்றிவிட்டு, தண்டை விரலால் பக்கவாட்டில் நன்றாக வளைத்து, ரிம்மைத் தொடும் அடிப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள்.

நீலக்கூண்டு

பார்த்துவிட்டு வந்தேன். வலப்பக்க வால்வில், வளைத்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி, அடியில் சுற்றிலும் மயிரிழை வெடிப்பு. நிமிர்த்தினால் மூடிக்கொள்கிறது. இத்தனை நாள் இது தெரியாமலே ஓட்டியிருக்கிறேன். இரண்டையும் உலோகத்துக்கு மாற்றிவிடுகிறேன். ரொம்ப நன்றி ஐயா.

கயல்விழி_சாலை

நான் டயருக்கு உள்ளே வைக்கும் வகைதான் பயன்படுத்துகிறேன், அதன் பக்கம் பேசுகிறேன்.

வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. கல் அடிக்காது, யாரும் திருகிக்கொண்டு போக முடியாது. எனக்கு முக்கியமானது வெப்ப அளவு. வால்வு நுனியில் இருக்கும் சென்சார் அதன் மேல் வீசும் காற்றின் வெப்பத்தைத்தான் பெரும்பாலும் காட்டும். உள்ளே இருப்பது டயருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தையே அளக்கிறது.

குறை என்றால் பேட்டரி. பெரும்பாலானவற்றில் மாற்ற முடியாதபடி மூடித்தான் வருகிறது. அது தீர்ந்தால் டயரைக் கழற்றிச் சென்சாரையே மாற்ற வேண்டும். ஆனால் டிரெய்லர் டயரை ஐந்து ஆறு வருடத்தில் எப்படியும் மாற்றியாக வேண்டும், பேட்டரியும் ஏறக்குறைய அவ்வளவு காலம் வரும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். மலைவழி, உங்கள் பிக்அப்பிலேயே டிரெய்லர் டயர் அழுத்தம் காட்டும் வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். சில புது மாடல்களில் உண்டு. இருந்தால் அதற்கு ஒத்துப்போகும் உள் சென்சார் போட்டால் போதும், தனித் திரையே தேவையில்லை.

மலைவழி

எங்களுடையது கொஞ்சம் பழைய வண்டி, அந்த வசதி இல்லை அக்கா. பிக்அப்பின் சொந்த நான்கு டயருக்கு மட்டும் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது.

கயல்விழி_சாலை

அந்த விளக்கைப் பற்றியும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கச் சட்டப்படி கார்களில் வரும் எச்சரிக்கை, அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால் எரிய வேண்டும் என்ற அளவில் வைத்தது. அந்தக் கணக்கை அப்படியே டிரெய்லருக்கு வைத்தால் 80 பிஎஸ்ஐ 60க்கு இறங்கும் வரை திரை வாய் திறக்காது. இதே அளவு டயர் 65 பிஎஸ்ஐயில் தாங்குவதே 1,150 கிலோதான். ஏற்கெனவே எல்லைக்குப் பக்கத்தில் பாரம் ஏற்றியிருப்பவர்களுக்கு 60 என்பது ரொம்பத் தாமதம்.

ஊர்சுற்றி_தம்பதி

நாங்கள் முதலில் மூடி வகை, இப்போது கழற்றாமல் காற்றடிக்கும் வகை. நடைமுறையில் என்ன வித்தியாசம் என்று சொல்கிறேன்.

மூடி வகையில் காற்று அடிக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்ற வேண்டும். குளிர்ந்த காலையில் விரல் விறைத்திருக்கும். திருட்டுப் பூட்டு நட்டு வேறு இருந்தால் அதற்கு ஒரு சின்ன ஸ்பேனர் தேட வேண்டும். கழற்றி மாட்டிய ஒவ்வொரு தடவையும் அடியிலுள்ள ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். நாளடைவில் சோம்பல் வந்து, காற்று அடிப்பதையே தள்ளிப்போட ஆரம்பித்தோம். உள்ளதைச் சொல்கிறேன்.

இன்னொரு வகையில் நுனியில் சாதாரண வால்வு இருக்கும், ஹோஸை அப்படியே வைத்து அடிக்கலாம். ஆனால் நீளமும் கனமும் கூடுதல். உலோக வால்வு இல்லாமல் நினைத்தே பார்க்காதீர்கள். உங்கள் ரிம்மில் அலங்கார மூடி இருந்தால் சென்சார் அதில் உரசுமா என்றும் முன்கூட்டியே அளந்து பாருங்கள்.

முதல் செட் எங்களுக்கு ஒரு பாடம் வைத்தது. வால்வுத் தண்டு அலுமினியம், சென்சாரின் மரை பித்தளை. இரண்டு வருடம் கழித்துக் கழற்றப் போனால் இரண்டும் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துவிட்டன. மழையும் சாலை உப்பும் சேர்ந்தால் இந்த இரண்டு உலோகங்களும் அரித்து ஒட்டிக்கொள்ளும். கடைசியில் வால்வோடு அறுத்துத்தான் எடுத்தோம். பித்தளை வால்வாகக் கேட்டு வாங்குங்கள். மரையில் துளி கிரீஸ் தடவுங்கள்.

நெடும்பாதை

எல்லோரும் சென்சாரையே பேசுகிறீர்கள், அலாரம் எந்த எண்ணில் வைப்பது என்று யாரும் சொல்லவில்லையே. என் அனுபவத்தில் நல்ல செட் வாங்கியும் வீணாகப் போவது இங்கேதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படை எண்ணைக் குளிர்ந்த டயரில்தான் பதிய வேண்டும். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், வெயில் பட்டிருக்கக் கூடாது. ஓட்டி வந்து நிறுத்திய சூட்டில் 80 வைத்தால், ஆறியதும் உங்களிடம் இருப்பது 70 சொச்சம்தான்.

20 டிகிரி செல்சியஸில் 80 பிஎஸ்ஐ வைத்தீர்கள் என்று எடுத்துக்கொள்வோம். அடுத்த நாள் விடியற்காலை 5 டிகிரி. ஒரு பொட்டுக் காற்றும் கசியாமலே டயர் 75 காட்டும். அதே டயர் நெடுஞ்சாலையில் ஓடி உள்காற்று 50 டிகிரிக்கு ஏறினால் 90 காட்டும். 60 டிகிரி என்றால் 93. இது இயல்பு. டயர் தயாரிப்பவர்கள் இந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்த அளவைக் குறிக்கிறார்கள். சூட்டில் 93 பார்த்துப் பதறிப்போய்க் காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். நிறையப் பேர் செய்யும் தவறு இது.

அதனால் மேல் அலாரம் குளிர்ந்த அளவுக்கு 20 சதவீதம் மேலே, அதாவது 96. பத்து சதவீதத்தில், 88இல் வைத்தால் ஒவ்வொரு மதியமும் கத்தும், நீங்களும் சத்தத்தை அணைத்துவிடுவீர்கள். கீழ் அலாரம் 10 சதவீதம் கீழே, 72. வெப்ப அலாரம் 70 டிகிரி செல்சியஸ் அளவில் வைப்பது வழக்கம்.

இனித்தான் முக்கியமான இடம். டயர் சூடாகி 92இல் ஓடிக்கொண்டிருக்கிறது, கீழ் அலாரம் 72. மெதுவாக ஓர் ஆணி கசிய ஆரம்பித்தால் 20 பிஎஸ்ஐ இறங்கும் வரை அலாரம் அடிக்காது. அந்த நேரம் முழுக்க டயர் தன் ஜோடிகளைவிடக் குறைவான காற்றில் நசுங்கி ஓடும், கூடுதலாகச் சூடாகும், அந்தச் சூடே அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கசிவை மறைக்கும். படபடவென்று இறங்கினால் உடனே எச்சரிக்கும் வேகக்கசிவு அலாரம் பல செட்களில் இருக்கிறது. அது கட்டாயம் வேண்டும். ஆனால் மெதுவான கசிவைப் பிடிப்பது உங்கள் கண்தான். நான்கு எண்களும் 91, 92, 92, 91 என்று போய்க்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் 87 என்றால், அலாரம் அடிக்காவிட்டாலும் நான் நிறுத்திப் பார்ப்பேன். வெயில் படும் பக்கம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைக் கழித்துப் பழகிவிடுவீர்கள்.

திரையைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதைத்தான் பார்க்க வேண்டும். எல்லா டயரும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். ஒவ்வொரு டயராக மாறி மாறிக் காட்டும் திரையில் ஒப்பிட முடியாது, அடுத்தது வருவதற்குள் முதல் எண் மறந்துவிடும். பகல் வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

பிக்அப் டயர்களையும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், ஆக்சில் வாரியாகத் தனித்தனி அளவு வைக்க முடியுமா என்று கேளுங்கள். சென்சாரின் உச்ச அளவையும் கேளுங்கள். கார்களுக்கென்று வரும் செட்களில் மேல் எல்லை குறைவாக இருக்கும். உங்களுக்கு 100ஐத் தாண்டிப் படிக்கிற சென்சார் வேண்டும்.

கூடுவண்டி

நெடும்பாதை எழுதியதை அச்செடுத்து வண்டியிலேயே வைத்துக்கொண்டேன்.

வெப்பம் பற்றி என் பங்குக்கு ஒன்று. போன வருடம் ஒரு மலை இறக்கம் முடிந்து சமவெளிக்கு வந்தபோது மூன்று சக்கரம் 38 டிகிரி, வலப்பக்க முன் சக்கரம் மட்டும் 55. அழுத்தமும் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதல். எந்த அலாரமும் அடிக்கவில்லை. நிறுத்திவிட்டு ஹப் பக்கம் கையைக் கொண்டுபோனேன், தொடுவதற்கு முன்னாலேயே அனல் அடித்தது, கருகல் வாடை. பிரேக் ஷூ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியே இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் பேரிங்கும் போயிருக்கும். வால்வு நுனி சென்சார் டயரின் உண்மையான சூட்டைக் காட்டாது என்று கயல்விழி சொன்னது சரிதான். ஆனாலும் நான்கில் ஒன்று விலகி நிற்பதைக் காட்டும், எனக்கு அன்று அது போதுமானதாக இருந்தது.

மலைவழி

இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. போன் ஆப் வகை பற்றி யாராவது சொல்ல முடியுமா? திரைக்கு இடம் தேட வேண்டாமே என்று பார்க்கிறேன்.

நெடும்பாதை

28 அடி டிரெய்லருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். புளூடூத்துக்கு எட்டும் தூரம் குறைவு, நடுவில் பிக்அப்பின் பின் தொட்டி, டிரெய்லரின் தகரம் எல்லாம் குறுக்கே நிற்கும். போன் வழிகாட்டிக்கும் வேண்டும், அழைப்பும் வரும், ஆப் பின்னணியில் தூங்கியும்விடும். 433 மெகாஹெர்ட்ஸில் பேசும் தனித் திரை, கூடவே ரிப்பீட்டர். அதை டிரெய்லரின் முன்பக்கம் வைத்து 12 வோல்ட் கொடுங்கள். நடுவில் சுவிட்ச் ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் நிறுத்தி வைத்திருக்கும் மாதங்களில் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும்.

சிக்னல் அறுந்தால் திரை என்ன செய்கிறது என்பதையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். நான் முதலில் வைத்திருந்த செட் ஒன்று, சிக்னல் போன பிறகும் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. அரை நாள் பழைய எண்ணைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டியிருக்கிறேன். எண்ணை அழித்து எச்சரிப்பதுதான் வேண்டும்.

அல்லி

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகக் கூடாது என்று எழுதுகிறேன். எங்களிடம் டிபிஎம்எஸ் இருந்தும் ஒரு டயர் போனது. காரணம் கசிவு இல்லை. டயரின் மேல் பட்டை உள் அடுக்கிலிருந்து பிரிந்து உரிந்துவிட்டது. உரியும் நொடி வரை உள்ளே காற்று அப்படியே இருந்தது, திரையில் எண்ணும் சரியாகவே இருந்தது. சென்சார் காற்றைத்தான் பார்க்கும், டயரைப் பார்க்காது.

அதற்கு முன் அறிகுறி இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. பட்டையில் ஒரு இடம் மட்டும் புடைத்திருந்தது. இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் கணவர் டீசல் போடும் நேரத்தில் நான் நான்கு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிடுகிறேன். இரட்டை ஆக்சில் வண்டியை இடுக்கில் வளைக்கும்போது டயர்கள் பக்கவாட்டில் தேய்ந்து இழுபடும், அப்போதுதான் உள் அடுக்குகள் முறுக்கப்படுகின்றன.

மலைவழி, உங்கள் டயர்களின் வயதைப் பார்த்தீர்களா? பக்கச்சுவரில் டாட் (DOT) எழுத்துகளுக்குக் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெய்லர் டயருக்குப் பட்டை தேயாமலே வயது முடிந்துவிடும்.

மலைவழி

இப்போதுதான் குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன். மூன்று டயரும் ஏழு வருடம் தாண்டியவை. வாங்கும்போது பட்டை புதிதுபோல இருந்ததால் கேட்கவே தோன்றவில்லை. நான்கையும் ஸ்டெப்னியையும் சேர்த்து மாற்றப் போகிறேன், வால்வு ஐந்தும் பித்தளை. கழற்றாமல் காற்றடிக்கும் சென்சார்தான் என்று முடிவு செய்துவிட்டேன். டயரோடு சேர்த்து உள் சென்சாரும் போட்டுவிடலாமா என்று நிறைய யோசித்தேன். ஆனால் வழியில் ஒரு சென்சார் செத்துப்போனால் நானே மாற்றிக்கொள்ள முடிகிற வகையே எனக்குச் சரிப்படும்.

பட்டறைக்காரன்

நல்ல முடிவு. சென்சார்களுக்கு எண் ஒட்டி, எந்தச் சக்கரம் என்று எழுதி வையுங்கள். டயரை இடம் மாற்றும் நாளில் தேவைப்படும். நல்ல கேஜ் ஒன்றால் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்க மறக்காதீர்கள்.

மலைவழி

முதல் பயணம் முடித்து வந்துவிட்டோம், அதனால் மறுபடி எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் மதியம் வலப்பக்கப் பின் டயர் 85, மற்ற மூன்றும் 90, 91. வெயிலும் அந்தப் பக்கம்தான் அடித்தது, அப்படியென்றால் அது கூடுதலாகக் காட்ட வேண்டும். அலாரம் எதுவும் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் பட்டையைத் தடவிப் பார்த்தேன், ஆணி இல்லை, புடைப்பு இல்லை. சோப்புத் தண்ணீரை வால்வில் விட்டதும் சென்சார் உட்காரும் இடத்தில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கழற்றிப் பார்த்தால் வாஷரின் ஒரு ஓரம் மடிந்து நசுங்கியிருந்தது. கிளம்பும் முன் சோப்புத் தண்ணீர் விட்டது மூன்றுக்குத்தான், நான்காவதில் இருட்டிவிட்டது. வாஷரை நிமிர்த்திப் பொருத்தினேன், குமிழி நின்றது. மறுநாள் காலை டயர் ஆறியதும் காற்றைச் சரிசெய்தேன். அதன் பிறகு வீடு வரும் வரை நான்கு எண்ணும் இரண்டு பிஎஸ்ஐக்குள்ளேயே ஓடின.

பட்டறைக்காரன்

மடிந்த வாஷரைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள் தம்பி, புதிது போடுங்கள். செட்டோடு கூடுதல் வாஷர் பொட்டலம் வந்திருக்கும், அதை வண்டியிலேயே வையுங்கள். உங்கள் சென்சாருக்கு சிஆர்1632 பேட்டரி என்றால் அதிலும் இரண்டு சேர்த்து வையுங்கள்.